வெறும் ட்யூப்தான்

என் நெஞ்செலும்பை அறுத்துப் பிளந்து, கம்பி போட்டுக் கட்டி இரண்டு மாதம் ஆகிறது. இந்த வாரம்வரை எங்கள் சொந்தக்காரர்களில் ஒருவருக்கும் இது தெரியாது. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் என் மகன் தென்னரசு ஒரே பல்லவியைத்தான் பாடினான். அம்மாவுக்கு ஒன்றுமில்லை, லேசான அடைப்பு, கை வழியாக ட்யூப் விட்டு எடுத்துவிட்டார்கள், வெறும் ட்யூப்தான். அவன் பாடும்போது நான் கட்டிலில் கழுத்துவரை துண்டு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பங்குனி வெயிலில் எங்கள் திண்டிவனம் வீட்டுச் சிமெண்டு ஷீட்டுக்குக் கீழே ஆள் வெந்துபோவான். இருந்தாலும் துண்டை எடுக்கக் கூடாது, தழும்பு தெரிந்துவிடும். வியர்வையும் புண் மருந்தும் சேர்ந்து அந்தத் துண்டு செத்த எலி மாதிரி நாறும். அதை முகர்ந்துகொண்டே வந்தவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டும்.

வருகிறவர்கள் சும்மா வருவார்களா? கையில் ஒரு ரொட்டிப் பாக்கெட், நாலு ஆப்பிள், வாயில் ஒரு சாவுக் கதை. அவர்கள் பெரியம்மா மகளுடைய மாமனாரும் இப்படித்தான் ட்யூப் வைத்துக்கொண்டு வந்தாராம். மூன்றாம் நாள் காலையில் காப்பி கேட்டாராம். காப்பி ஆற்றிக்கொண்டு வருவதற்குள் தலை தொங்கிவிட்டதாம். இதைச் சொல்லி முடித்துவிட்டு, நீ ஒன்றும் மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே என்பார்கள். சீ, என்ன ஜனங்கள் இவர்கள் என்று எனக்குக் குமட்டிக்கொண்டு வரும்.

என் பெயர் அம்சா. இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தவள். சாம்பார் ஊசிப்போனால் மூடியைத் திறப்பதற்கு முன்பே வாசனையில் சொல்லிவிடுவேன். என் மூக்கை யாராலும் ஏமாற்ற முடியாது என்று ஒரு திமிர் எனக்கு இருந்தது. அந்தத் திமிரில்தான் மண் விழுந்தது.

மார்கழியில் தண்ணீர்க் குடம் தூக்கினால் மூச்சு வாங்கியது. விழுப்புரத்தில் கை வழியாக ட்யூப் விட்டு ஒரு சோதனை செய்தார்கள். டாக்டர் தென்னரசுவிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். அவன் முகம் செத்துப்போனது. அவனும் மருமகள் அஸ்வினியும் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்று வெகுநேரம் கிசுகிசுத்தார்கள். திரும்பி வரும்போது இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு. சின்ன அடைப்புதான், பாண்டிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் இன்னொரு ட்யூப் விட்டு எடுத்துவிடலாம், இரண்டே நாள் என்றார்கள்.

போனோம். ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டினார்கள். என் கண்ணாடி அஸ்வினியின் பையில் இருந்தது. அட்மிஷன் பாரம்தான், இங்கே போடு என்று தென்னரசு விரலை வைத்துக் காட்டினான். போட்டேன். மறுநாள் காலையில் ஒரு நர்ஸ் வந்து நெஞ்சிலும் காலிலும் மருந்து தடவினாள். கை வழியாகப் போகிற ட்யூபுக்குக் காலில் என்னம்மா வேலை என்று கேட்டேன். அவள் தென்னரசுவைப் பார்த்தாள், தென்னரசு தரையைப் பார்த்தான். எல்லாருக்கும் இப்படித்தான் செய்வோம் என்றாள். நானும் நம்பித் தொலைத்தேன்.

கண் விழித்தபோது தொண்டைக்குள் குழாய் இருந்தது. கைகளைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கழுத்தடியிலிருந்து மேல்வயிறுவரை பிளாஸ்திரி. அதற்குக் கீழே இரண்டு குழாய்கள் வழியாக ரத்தத் தண்ணீர் ஒரு டப்பாவில் இறங்கிக்கொண்டிருந்தது. அது என்னிலிருந்துதான் வருகிறது என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. தொண்டைக் குழாயை எடுத்த பிறகு, என்னை என்ன செய்தீர்கள் என்று வேறொரு நர்ஸைக் கேட்டேன். அந்தப் பெண்ணுக்கு யாரும் பொய் சொல்லிக் கொடுத்து வைக்கவில்லை.

"ஓப்பன் ஹார்ட் பண்ணியிருக்கும்மா. மூணு எடத்துல பைபாஸ். கால்லருந்து நரம்பு எடுத்து வச்சிருக்காங்க. ஏம்மா, உங்களுக்குத் தெரியாதா?"

எங்கள் ஊர்க் கோயிலில் ஆடு அறுக்கிறவன்கூட முதலில் அதன் தலையில் தண்ணீர் தெளிப்பான். அது உடம்பைச் சிலிர்த்துத் தலையாட்டிய பிறகுதான் கத்தியை எடுப்பான். எனக்கு அந்தத் தண்ணீரைக்கூடத் தெளிக்கவில்லை.

பெற்ற பிள்ளையைக் காறித் துப்பலாம் என்றுதான் இருந்தது. ஆனால் எந்த வாயால் துப்புவது? இந்தப் பொய்யை அவனுக்குக் கற்றுக்கொடுத்த வாத்தியாரே நான்தானே. ஏழு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் சின்னக்கண்ணுவுக்கு நாக்கில் புற்று வந்தது. சூட்டுப் புண் என்று அவரிடம் சொன்னேன். கதிரியக்கக் கரண்ட் வைக்கக் கூட்டிப்போன ஆஸ்பத்திரியில் வாசலிலேயே ஆள் உயரத்துக்குப் போர்டு, புற்றுநோய்ப் பிரிவு என்று. அவர் எட்டாவதுவரை படித்தவர். அதனால் ஒவ்வொரு தடவையும் கேண்டீன் பக்கமாகச் சுற்றி, குப்பைத் தொட்டியைத் தாண்டி, பின்வாசல் வழியாகத்தான் அவரை அழைத்துப்போவேன். முப்பது நாள் அப்படிச் சுற்றினேன். ஒரு நாள் அவரே வாய் திறந்து, காரக்குழம்பு வை என்றார். கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சாப்பிட்டார். புண் ஆறிக்கொண்டு வருகிறது அம்சா, காரம் தாங்குகிறது பார் என்றார். நான் அடுப்படிக்குப் போய்ச் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டேன், நம்பிவிட்டார் என்று. அடுத்த மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார். மனுஷனுக்குக் கடைசிவரை ஒன்றும் தெரியாது, நிம்மதியாகப் போனார் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு தென்னரசு என்ன சொன்னாலும் எனக்குச் சூட்டுப் புண் என்றே காதில் விழுந்தது. எக்கோ நன்றாக இருக்கிறது என்றான். சூட்டுப் புண். தையல் ஆறிவிட்டது என்றான். சூட்டுப் புண். படுத்தால் இதயம் காதுக்குள் அடிக்கும். நின்றுவிடப்போகிறது என்று எழுந்து உட்காருவேன். குக்கர் விசில் அடித்தால் அழுகை வரும். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அஸ்வினி கொண்டுவந்து நீட்டும் உப்பில்லாத ஓட்ஸ் கஞ்சியைப் பார்த்தாலே வாந்தி வரும். அதைவிட என் உடம்பைப் பார்த்தால் வரும். காலில் நரம்பு உருவிய கோடு கருத்துக் கிடந்தது. மூன்று நாள், நாலு நாள் குளிக்காமல் கிடந்தேன். சாகப்போகிற உடம்பை எதற்குத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று தோன்றியது. மாத்திரைகளை வாயில் அடக்கி வைத்திருந்து, அவள் அந்தப் பக்கம் போனதும் துப்பித் தலையணை உறைக்குள் போட ஆரம்பித்தேன்.

ஆறாவது வாரம் சோதனைக்குப் போனபோது டாக்டரம்மா ஒருத்தி இருந்தாள். சின்ன வயசு, பொறுமையான முகம். தூக்கம் வருகிறதா, பயம் வருகிறதா, எதிலும் பிடிப்பில்லாமல் அழத் தோன்றுகிறதா என்று என்னைத்தான் கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் தென்னரசு முந்திக்கொண்டான். அம்மா ரொம்பத் தைரியசாலி டாக்டர், அப்படியெல்லாம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது என்றான். இந்த ஆபரேஷன் ஆனவர்களில் நிறையப் பேருக்கு மனசு விழுந்துபோகும், அதையும் கவனிக்காவிட்டால் உடம்பு தேறாது, அதற்கும் மருந்து இருக்கிறது, பேசிச் சரிசெய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவன் பல்லைக் காட்டிக்கொண்டே என்னை எழுப்பிக் கூட்டி வந்துவிட்டான். அவன் சிரிப்பில் அறைய வேண்டும் போலிருந்தது. கை எழவில்லை.

இப்படி நான் நாறிக்கொண்டு கிடந்த நேரத்தில்தான் மணிமாறன் வந்தான். என் நாத்தனார் அஞ்சம்மாளின் மகன். கண்டாச்சிபுரத்துக்குப் பக்கத்தில் கடலைக் காட்டில் கூலிக்கு மல்லாட்டை பிடுங்கிப் பிழைக்கிற குடும்பம். அஞ்சம்மாளுக்கு இதயத்தில் ஒரு வால்வு கெட்டுவிட்டது, இந்த மாதத்துக்குள் நெஞ்சைத் திறந்து மாற்றாவிட்டால் தாங்காது என்று நான் போன அதே ஆஸ்பத்திரி டாக்டர் கெடு வைத்திருக்கிறார். அவளிடம் ட்யூப் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் அவள் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கிறாளாம்.

"நீங்க ட்யூப் வச்சிக்கினு வந்து நல்லா கீறீங்க இல்ல அத்தை? நீங்க ஒரு வாட்டி வந்து, வெறும் ட்யூப்தான்னு சொன்னீங்கன்னா அம்மா நம்பிடும்" என்றான்.

எனக்கு நடந்ததும் ட்யூப்தான் என்று அவன் மனசார நம்பிக்கொண்டிருந்தான். ஒரு பொய்யை நிறுத்தி வைக்க இன்னொரு பொய்யை முட்டுக்கொடுக்கக் கேட்கிறான், பாவி. தென்னரசு என் முகத்தைப் பார்க்காமல், போயிட்டு வந்துடலாம்மா, அத்தை உயிர் ஆச்சே என்றான். வருகிறேன் என்றேன். என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் அவள் மிரண்டுபோய் வரவே மாட்டாள், செத்துப்போவாள். பொய் சொன்னால் வருவாள், என்னைப் போலவே கை கட்டிக் கிடந்து கண் விழிப்பாள்.

மறுநாள் காலையில் தென்னரசு தான் வாடகைக்கு ஓட்டுகிற காரில் என்னைக் கூட்டிப்போனான். விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி, விழுப்புரத்தைத் தாண்டி, கண்டாச்சிபுரம் போகும்வரை பாடம் படித்துக்கொண்டே வந்தான். ஊசி குத்துகிற மாதிரிதான் இருந்தது என்று சொல், சாயந்திரமே இட்லி சாப்பிட்டேன் என்று சொல். கண்ணாடியில் அவன் வாயைப் பார்த்தபடி வந்தேன். என் வாய்தான் அது.

அஞ்சம்மாள் வீட்டுக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். நாலு கொட்டை உரித்தால் ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினாள். கால் இரண்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தன. மணிமாறனும் தென்னரசுவும் எங்களைத் தனியாக விடுவதற்காக டீ வாங்கப் போகிறோம் என்று கிளம்பினார்கள். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் யோசிக்கவே இல்லை. என் வாய் தானாகத் திறந்தது.

"ஒண்ணும் பயப்படாத அஞ்சம்மா. வெறும் ட்யூப்தான்."

சொன்னதும் நாக்கில் பித்தநீர் ஏறின மாதிரி கசந்தது. என்னை நானே அத்தனை அருவருத்தது அதற்கு முன்னால் கிடையாது, அந்த ரத்த டப்பாவைப் பார்த்தபோதுகூட.

அஞ்சம்மாள் கையிலிருந்த மல்லாட்டையை முறத்தில் போட்டாள்.

"நீயும் சொல்லிட்டியா அண்ணி" என்றாள். "எனக்கு நெஞ்சத் தொறந்து வால்வு மாத்தணும். பஸ் ஸ்டாண்டு மெடிக்கல்ல சீட்டக் காட்டிக் கேட்டேன், அந்தப் புள்ள படிச்சிச் சொல்லிட்டான். கத்திக்கு நான் பயப்படல. இவங்க பொய் சொல்றாங்க பாரு, அதுக்குத்தான் எனக்குக் கொல நடுங்குது. நம்ம வூட்ல பொய் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போன ஆளு யாரு பொழைச்சிருக்காங்க? அண்ணனுக்கு அப்படித்தான சொன்னோம்?"

என் தலையணை உறைக்குள் கிடக்கிற மாத்திரைகள் அத்தனைக்கும் அவள் காரணம் சொல்லிவிட்டாள். நான் இரண்டு மாதமாகப் படுத்துக் கிடந்து பயந்தது இதற்குத்தான். அதை ஒப்புக்கொள்ள மனசு வராமல், உங்கள் அண்ணனாவது ஒன்றும் தெரியாமல் நிம்மதியாகப் போனார் என்றேன்.

அஞ்சம்மாள் முறத்தைத் தள்ளி வைத்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணனுக்கு மொத நாளே தெரியும் அண்ணி. நீ சுத்திக் கூட்டிக்கினு போறதுக்கு முன்னாடியே தூரத்துலருந்து போர்டப் படிச்சிடுச்சு. அவ பாவம், எனக்காகக் கேண்டீன் பக்கம் சுத்திக்கினு வர்றா, எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா ஒடஞ்சி பூடுவா, தெரியாத மாரியே இருந்துட்டுப் போறேன்னு சொல்லிச்சு. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என் கையில சத்தியம் வாங்கிச்சு. ராவுக்கு ராவு எங்கிட்டதான் போன் பண்ணி அழும்."

எனக்கு அழுகைகூட வரவில்லை. தூ என்றுதான் வந்தது. என்ன குடும்பம் இது. ஆளுக்கு ஒரு வேஷம் கட்டிக்கொண்டு ஒருத்தர் முன்னால் ஒருத்தர் ஆடி, கடைசியில் அந்த மனுஷனை ஒண்டியாகச் சாகவிட்டிருக்கிறோம். பக்கத்திலேயே படுத்திருந்த பெண்டாட்டியிடம் பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாமல், அவர் போனில் தங்கச்சியிடம் அழுதிருக்கிறார். கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகச் சுற்றியவள் நான்.

துண்டை உருவி எறிந்தேன். ஜாக்கெட் கொக்கிகளைக் கழற்றினேன். கழுத்தடியிலிருந்து கீழே இறங்குகிற அந்தத் தடித்த கோட்டை அவளுக்குக் காட்டினேன். அஞ்சம்மாள் கிட்டே நகர்ந்து வந்து பார்த்தாள். பிறகு மல்லாட்டைத் தூசி படிந்த விரலால் மேலிருந்து கீழாக ஒரு தடவை தொட்டாள். என்னை அங்கே டாக்டர்களையும் நர்ஸ்களையும் தவிர யாரும் தொட்டதில்லை, நானே தொட்டதில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். தொண்டைக் குழாயைச் சொன்னேன். இருமினால் நெஞ்சு பிளக்கும், தலையணையைக் கட்டிக்கொண்டுதான் இரும வேண்டும் என்று சொன்னேன். வலி ஒரு மாதத்தில் குறைந்துவிடும், அதற்குப் பிறகு வருகிறதுதான் பேஜாரு என்றேன். பயம் வரும், காரணமில்லாமல் அழுகை வரும், சாப்பாடு பிடிக்காது, உன் உடம்பே உனக்கு அசிங்கமாகத் தெரியும், செத்தால் தேவலை என்று இருக்கும். நான் மாத்திரையைத் துப்பிக்கொண்டு கிடக்கிறேன் என்பதையும் சொன்னேன். அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"இப்ப உனக்குச் சரியாப் பூடுச்சா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"இல்ல. இன்னும் இல்ல. அதுக்கும் மருந்து கீதுன்னு டாக்டரம்மா சொன்னா. நான் இன்னும் வாயத் தொறக்கல."

"நான் பொழைப்பனா அண்ணி?"

"எனக்குத் தெரியாது அஞ்சம்மா. டாக்டருக்குத் தெரிஞ்சிருக்கும். நாம ரெண்டு பேரும் போய்க் கேப்போம்."

அவள் முகத்தில் ஏதோ இறங்கியது. பயம் போகவில்லை, ஆனால் பிடிவாதம் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து மணிமாறனும் தென்னரசுவும் தூக்குவாளியில் டீயோடு உள்ளே வந்தார்கள். நான் ஜாக்கெட்டை மூடவில்லை, சேலையை மட்டும் மேலே இழுத்துவிட்டேன். அதற்குள் மணிமாறன் பார்த்துவிட்டான். அவன் தென்னரசுவைப் பார்த்தான், தென்னரசு வழக்கம்போலத் தரையைப் பார்த்தான்.

அஞ்சம்மாள்தான் பேசினாள். "மணி, அந்த ஆபரேஷன் பாரத்த எடுத்துக்கினு வா. முழுசாப் படிச்சிக் காட்டு. அப்புறம் கையெழுத்துப் போடறேன்."

மணிமாறன் தகரப்பெட்டியைத் திறந்து காகிதத்தை எடுத்தான். வால்வு என்ற வார்த்தை வந்ததும் நிறுத்திவிட்டான். மேலே படி என்று அவள் சொன்னாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசிவரை படித்தான்.

திரும்பி வரும்போது தென்னரசு பாடம் எதுவும் படிக்கவில்லை. விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றோம். செவ்வாய்க்கிழமை அஞ்சம்மாளோடு நானும் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், டாக்டரம்மா என்னைக் கேட்டால் நான்தான் பதில் சொல்வேன், நீ வாயைத் திறந்தால் அங்கேயே அறைவேன் என்றேன். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் இருந்த லாரியையே பார்த்தான்.

"நீ செத்துடுவன்னு எனக்குப் பயமா இருந்துச்சும்மா" என்றான். "இப்பவும் பயமாத்தான் இருக்குது."

இரண்டு மாதத்தில் அவன் என்னிடம் சொன்ன முதல் உண்மை அது. எனக்கும் அதேதான்டா என்றேன். பின்னால் இருந்தவன் ஹாரன் அடிக்கிறவரை இரண்டு பேரும் அழுதோம். அதில் அசிங்கம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

வண்டி நகர்ந்த பிறகு அந்தக் காரக்குழம்பு ஞாபகம் வந்தது. நாக்கெல்லாம் புண்ணாக இருந்த மனுஷன். தட்டில் நான் ஊற்றியதை முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். இன்னும் ஒரு கரண்டி ஊற்று அம்சா என்றார். நான் சந்தோஷமாக ஊற்றினேன்.